எதுவரைக்கும் என்று கேள், மக்களே

அன்பு மகளுக்கு,

இயேசுவின் நாமத்தில் அம்மாவின் வாழ்த்துக்கள். அப்பாவும் நானும் சுகமாக இருக்கிறோம்.

"ஜெபம் பண்ண உட்கார்ந்தா வாயே வரலம்மா, ஆண்டவர் கேக்கிறாரான்னே தெரியல" என்று போனில் அழுதாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். ஐந்து மாதம் சுமந்த பிள்ளையை இழந்தவளுக்கு வாய் வராததில் என்ன ஆச்சரியம்? பார்க்க வந்தவர்கள் "ஆண்டவர் சித்தம், அழாதே" என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் அழுதவர்களின் ஜெபங்களைத்தான் வேதத்திலுள்ள சங்கீதப் புத்தகம் பக்கம் பக்கமாகச் சேர்த்து வைத்திருக்கிறது.

23-ஆம் சங்கீதம் உனக்குச் சின்ன வயதிலேயே மனப்பாடம். இப்போதைக்கு அது இருக்கட்டும். 13-ஐத் திற. ஆறே வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தாவீது ஆரம்பிக்கிறார். இரண்டு வசனம் முடிவதற்குள் நாலு தடவை எதுவரைக்கும் என்று கேட்டுவிடுகிறார். நீ மனதுக்குள் அடக்கி வைத்திருப்பதும் இதுதானே? ஐந்தாம் வசனத்தில் "உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்" என்று அவருக்குச் சொல்ல முடிகிறது. உனக்கு இன்றைக்கு அது வரவில்லையென்றால் நாலாம் வசனத்தோடு நிறுத்திக்கொள். ஆண்டவர் கோபிக்க மாட்டார்.

அப்புறம் 88. சபையில் இதை அதிகம் வாசிக்கக் கேட்டிருக்க மாட்டாய். ஏமான் என்பவரின் பெயரில் இருக்கிறது. மற்ற புலம்பல்கள் பெரும்பாலும் கடைசியில் துதியாகத் திரும்பிவிடும். இது திரும்பாது. சிநேகிதரும் தூரமாகிப் போனார்கள் என்று இருட்டிலேயே முடிந்துவிடுகிறது. ஆனால் அந்த மனுஷன் முதல் வசனத்தில் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று கூப்பிட்டவர், நடுவில் ஓரிடத்திலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. காலையில் என் விண்ணப்பம் உம்மிடம் வரும் என்கிறார். பதில் வராதபோதும் அவரிடமே பேசிக்கொண்டிருக்கிறார். அதைத்தான் நான் நம்பிக்கை என்று சொல்வேன், மக்களே. சிரித்த முகத்தோடு வந்தால்தான் ஆண்டவர் பார்ப்பார் என்று யார் சொன்னாலும் நம்பாதே.

உன் தாத்தா இறந்துபோன வருஷம் எனக்கும் ஜெபம் வரவில்லை. சமையலறையில் நின்றுகொண்டு 42-ஐ மட்டும் வாய்விட்டு வாசிப்பேன். "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்? ஏன் எனக்குள் தியங்குகிறாய்? தேவனை நோக்கிக் காத்திரு." இதே வார்த்தைகள் 42-இல் இரண்டு முறையும் 43-இல் ஒரு முறையும் வரும். ஒருமுறை தன்னைத் தேற்றிக்கொண்டவர் அடுத்த வரியிலேயே மறுபடி கலங்குகிறார், மறுபடி தேற்றிக்கொள்கிறார். தேறிவிட்டேன் என்று நினைத்த மறுநாளே உனக்கும் அழுகை வந்தால், விசுவாசம் போய்விட்டதாக எண்ணாதே.

யாரோ எழுதியதை வாசிப்பது ஜெபமாகுமா என்று கேட்பாய். சிலுவையில் ஆண்டவர் "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று கதறியது 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரி. அந்த வேதனையில் அவருக்கே அந்த வார்த்தைகள்தான் வாயில் வந்தன. உனக்கு மட்டும் ஆகாதா?

மாப்பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வை. பிள்ளை அவருக்கும்தான் போனது, அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். 56-இல் "என் கண்ணீரை உம்முடைய துருத்தியில் வையும்" என்று வரும் இடத்தை அவரை வாசிக்கச் சொல். துருத்தி என்றால் அந்தக் காலத்துத் தோல்பை.

இன்னொன்று. இரவில் தூக்கமே இல்லை என்றாயே, அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல். வேதம் வாசிக்கிறோம் என்று அதைத் தள்ளிப்போடக் கூடாது.

சனிக்கிழமை இரவு ரயிலில் அப்பாவும் நானும் வருகிறோம். ஸ்டேஷனுக்கு யாரும் வர வேண்டாம், ஆட்டோ பிடித்து வந்துவிடுவோம். 88-ஐத் தனியாக வாசிக்கப் பயமாக இருந்தால் நான் வரும்வரை வைத்திரு, சேர்ந்தே வாசிப்போம். உளுந்தங்களி கிண்ட உளுந்தும் கருப்பட்டியும் எடுத்து வைத்திருக்கிறேன். நல்லெண்ணெய் மட்டும் அங்கே வாங்கி வைக்கச் சொல்.

அன்புடன்,
அம்மா