12பி பேருந்தில் கை வைக்கும் முன்

சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்தின் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். லஸ் முனையில் மெட்ரோ வேலைக்காக வைத்த தகர அடைப்புகளைச் சுற்றிச் சுற்றி நடந்தே பழகிப்போன மயிலாப்பூர்க்காரன் எழுதுகிறேன். மெட்ரோ வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பூந்தமல்லியிலிருந்து கலங்கரை விளக்கம் வரை 26 கிலோமீட்டர், ஊருக்குக் குறுக்கே ஒரு பாதை. வடபழனியில் பழைய மெட்ரோ, கோடம்பாக்கத்தில் மின்சார ரயில், திருமயிலையில் பறக்கும் ரயில் என்று வடக்கு தெற்காக ஓடும் மூன்றையும் அது வெட்டிக்கொண்டு போகிறது. இப்படி ஒன்று வராதா என்று ஏங்கியவர்களில் நானும் ஒருவன்.

என் கவலை, இப்போது ஓடிக்கொண்டிருப்பவை என்ன ஆகும் என்பதுதான். ஏற்கெனவே ஒருமுறை பட்டிருக்கிறோம். கடற்கரை–எழும்பூர் நான்காவது பாதைக்காக 2023 ஆகஸ்ட் 27 முதல் பறக்கும் ரயிலைச் சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்தினார்கள். புதுப் பாதை நாலு கிலோமீட்டர் சொச்சம். ஏழு மாதம் என்றார்கள். கடற்கரைக்கு மறுபடி வண்டி போனது 2024 அக்டோபர் கடைசியில். விரைவு ரயில்களுக்கு இன்னொரு தண்டவாளம் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் பாரிமுனையில் பூ வாங்கி, கோட்டை நிலையத்தில் ஏறி, திருமயிலையில் இறங்கும் ஓர் அம்மாவை எனக்குத் தெரியும். அந்தப் பதினாலு மாதமும் அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேருந்து மாறினார். பூ வாடுவதற்குள் மாட வீதிக்கு வந்து சேர வேண்டும். எந்தத் திட்ட அறிக்கையிலும் அந்தக் கூடைக்கு ஒரு வரி இருந்திருக்காது.

இனி பேருந்து. ரயில் ஓடும் வழியில் 12பி எதற்கு, 25ஜி எதற்கு என்ற கேள்வி கட்டாயம் எழும். காகிதத்தில் பார்த்தால் நியாயமாகவும் தெரியும். ஆனால் சாதாரணப் பேருந்தில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை. சமையல் வேலைக்கும் துணிக்கடைக்கும் போகிறவர்கள் அதை நம்பித்தான் காலையில் கிளம்புகிறார்கள். மெட்ரோவில் குறைந்தபட்சக் கட்டணமான 10 ரூபாயையே வைத்துக்கொள்வோம். போக வர 20, மாதம் 26 நாள் வேலை என்றால் 520 ரூபாய். தூரம் போகப் போக இன்னும் கூடும். பேருந்தைக் குறைத்தால், இலவசமாகக் கொடுத்ததைச் சத்தமில்லாமல் பிடுங்கிக்கொண்ட மாதிரிதான் ஆகும். அதனால் மெட்ரோ திறந்த முதல் ஒரு வருஷம் அந்தத் தடங்களில் கை வைக்காதீர்கள். யார் ரயிலுக்கு மாறினார்கள், யார் மாறவில்லை என்று ஆள் வைத்து எண்ணுங்கள். அப்புறம் பேசலாம். மந்தைவெளி, அபிராமபுரம் உட்தெருக்களிலிருந்து நிலையத்துக்குச் சிற்றுந்து விட்டால் ரயிலுக்கும் கூட்டம் சேரும்.

திருமயிலை பற்றி ஒன்று. சுரங்கத்துக்குள் மெட்ரோ, தலைக்கு மேலே பறக்கும் ரயில். கீழே ஐந்து நிமிடத்துக்கு ஒரு வண்டி வந்து ஆட்களை இறக்கிவிட, மேலே இருபது நிமிடம் காத்து நிற்க வைத்தால் அதற்குப் பெயர் இணைப்பா? சென்னை ஒன் செயலியில் எல்லாவற்றுக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்க முடிகிறது, நல்ல காரியம். வண்டி நேரத்தையும் அதே மாதிரி ஒன்றோடொன்று கோத்துக் கொடுங்கள். நடுவில் ரோட்டில் இறங்கி மழையில் நனையாமல் மாற ஒரு கூரையுள்ள நடைபாதை, முட்டிவலிக்காரர்களுக்கு வேலை செய்கிற லிஃப்ட், இரண்டும் திறக்கும் நாளிலேயே இருக்க வேண்டும். பிறகு கட்டிக்கொள்ளலாம் என்று விட்ட எதையும் இந்த ஊரில் சீக்கிரம் கட்டி நான் பார்த்ததில்லை.

தடங்களை மாற்றுவதென்றால் முதலில் பட்டியலைப் பேருந்து நிறுத்தத்திலேயே தமிழில் ஒட்டுங்கள். கருத்துக்கேட்புக் கூட்டம் வைத்தால் மயிலாப்பூரிலேயே, இரவு எட்டு மணிக்கு மேல் வையுங்கள். அதற்கு முன்னால் 12பி-யில் போகிறவர்கள் யாரும் வீடு திரும்பியிருக்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
மயிலாப்பூர் பயணி ஒருவன்