கிளிநொச்சியில் ஓரிரவு தங்கிப் பார்க்க வேண்டியவை

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்கட்கு,

வடக்குக்குச் சுற்றுலா வருவோருக்காக எழுதப்படும் கட்டுரைகள் பெரும்பாலும் வவுனியாவைத் தாண்டியதும் நேரே நல்லூருக்குப் போய்விடுகின்றன. கொழும்பிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வரும் எம்மவர்களின் பயணமும் அப்படித்தான் அமைகிறது. முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு, இனி யாழ்ப்பாணம்தான் என்று புறப்பட்டுவிடுகிறார்கள். விடுமுறைக்காலம் நெருங்குவதால், கிளிநொச்சியில் ஓரிரவாவது தங்க வேண்டியதன் காரணத்தையும், தங்குவோர் எதைப் பார்க்கலாம் என்பதையும் தங்கள் வாசகர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

போர் முடிந்த ஆண்டுகளில் தெற்கிலிருந்து பேருந்து பேருந்தாக வந்தவர்கள், சரிந்து கிடந்த நீர்த்தாங்கியின் முன்னாலும் நினைவுத்தூபியின் முன்னாலும் படம் எடுத்துக்கொண்டு அன்றே திரும்பினார்கள். அவர்களைக் குறைகூறிப் பயனில்லை. காட்டப்பட்டதை அவர்கள் பார்த்தார்கள். ஆனால் 1936இல் குடியேற்றத் திட்டமாகத் தொடங்கி, 1984இல் தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்ட இந்த ஊர் எதனால் உருவானது என்று அறிய விரும்புவோர் போக வேண்டிய இடம் இரணைமடுக் குளமே.

கனகராயன் ஆற்றை மறித்து 1920களின் தொடக்கத்தில் கட்டிமுடிக்கப்பட்ட அந்தக் குளம் இருபதினாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட வயலுக்கு நீர் கொடுக்கிறது. 2018 டிசம்பரில் புனரமைப்பு முடிந்து, 36 அடி நீரைத் தேக்கும் வகையில் மீண்டும் திறக்கப்பட்டது. அதே மாதம் பெய்த பெருமழையில் வான்கதவுகள் திறக்கப்பட்டுத் தாழ்நிலங்கள் வெள்ளத்தில் மூழ்கியதை இங்குள்ளவர்கள் மறக்கமாட்டார்கள். நண்பகலில் வந்து அணைக்கட்டில் நிற்பவருக்கு வெயிலும் கண் கூசும் நீர்ப்பரப்பும்தான் கிடைக்கும். விடியற்காலையில், மீனவர்கள் வலையோடு கரைதிரும்பும் வேளையில், அல்லது பொழுதுசாயும் நேரத்தில் அங்கே நிற்க வேண்டும். ஓரிரவு தங்கும்படி வற்புறுத்துவதற்கு முதற்காரணம் இதுவே. அருகிலுள்ள கனகாம்பிகை அம்மன் கோவிலையும் அப்போதே தரிசித்துக்கொள்ளலாம். தை முதல் பங்குனி வரையான காலம் இதற்குப் பொருத்தமானது. மழை ஓய்ந்து குளம் நிறைந்திருக்கும், கால்வாயோரமெங்கும் காலபோக அறுவடை நடக்கும். ஆவணியில் வருவோர் நீர் வற்றிய குளத்தைக் கண்டு ஏமாற்றமடைய நேரலாம்.

தங்குமிடங்கள் ஏ9 வீதியை ஒட்டியும் உள்வீதிகளிலும் உள்ளன. வீதியை ஒட்டிய விடுதிகளில் தங்குவோர் பின்புற அறையைக் கேட்டு வாங்குவது நல்லது. இரவு முழுவதும் ஓடும் பாரவூர்திகளின் இரைச்சல் பழக்கமில்லாதவருக்கு உறக்கத்தைக் கெடுக்கும். நகருக்கு வெளியே, வயல்களுக்கு அருகே தங்க விரும்புவோர் இராச்சாப்பாடு கிடைக்குமா என்பதையும், அதிகாலையில் ஓட்டோ ஒழுங்குசெய்து தருவார்களா என்பதையும் முன்கூட்டியே தொலைபேசியில் விசாரித்துக்கொள்ள வேண்டும். புகையிரதத்தில் வருவதாயின் நகர நிலையத்திலேயே இறங்கலாம்; 2013 செப்டெம்பரில் பாதை மீளத் திறக்கப்பட்டபின் அந்த வசதி இருக்கிறது.

இரண்டாம் நாளை வடக்கே செலவிடுவதா, கிழக்கே செலவிடுவதா, மேற்கே செலவிடுவதா என்பது அவரவர் விருப்பம். வடக்கே ஆனையிறவு இருக்கிறது. அங்கே போர்ச் சின்னங்களைப் பார்த்தபின் உப்பளத்தின் பக்கமும் திரும்பிப் பார்க்க வேண்டும், ஏனெனில் இம்மாவட்ட மக்களின் வயிற்றுப்பாட்டோடு தொடர்புடையது அதுதான். கிழக்கே கடலோரத்தில் சுண்டிக்குளம் இருக்கிறது. 1938இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு 2015இல் தேசியப் பூங்காவாகத் தரமுயர்த்தப்பட்ட அந்தக் களப்புக்கு, மாரிகாலத்தில் பூநாரைகளும் பிற வலசைப் பறவைகளும் வருகின்றன. பொதுப்போக்குவரத்தை நம்பி அங்கே போவது கடினம்.

என்னைக் கேட்டால் மேற்குத் திசையையே சொல்வேன். பரந்தனிலிருந்து பிரியும் வீதி, வயல்வெளிகளினூடாகப் பூநகரிக்குச் செல்கிறது. போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் விரிவாக்கிய சிறு கோட்டையின் எச்சம் அங்கே இருக்கிறது. மொட்டைக்கறுப்பன் நெல்லுக்கும் பூநகரி பெயர்பெற்றது. அந்த அரிசியில் ஒரு மூட்டை வாங்கிக்கொண்டு, 2011இல் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலத்தினூடாக யாழ்ப்பாணம் செல்லலாம். ஏ9 வழியாக வந்தவர் அதே வழியில் போகத் தேவையில்லை என்பது பலருக்கும் தெரிவதில்லை.

முல்லைத்தீவுப் பக்கம் போக விரும்புவோருக்கு ஒரு வேண்டுகோள். வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோவிலுக்கு, வைகாசிப் பொங்கல் காலத்தில் மட்டுமன்றி எக்காலத்திலும் செல்லலாம். ஆனால் முள்ளிவாய்க்கால் சுற்றுலாத்தலமன்று. அங்கே செல்வோர் அஞ்சலி செலுத்தவே செல்ல வேண்டும். நந்திக்கடலைப் பின்னணியாக வைத்துச் சிரித்தபடி படம் எடுப்பவர்களைப் பார்க்கும்போது, அந்த மண்ணில் உறவுகளை இழந்தவர்களுக்கு என்ன தோன்றும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

இறுதியாக, பொறுப்பானவர்களின் கவனத்துக்கு இதனையும் முன்வைக்கிறேன். பதிவுசெய்யப்பட்ட விடுதிகளின் பெயர், கட்டணம், தொலைபேசி எண் ஆகியவற்றையும், இரணைமடு, பூநகரி, சுண்டிக்குளம் ஆகிய இடங்களுக்கான பேருந்து நேரங்களையும், நியாயமான ஓட்டோக் கட்டணத்தையும் மும்மொழியிலும் எழுதிய பலகையொன்றைப் புகையிரத நிலைய வாசலிலும் பேருந்து நிலையத்திலும் வைக்கப் பெருந்தொகை தேவைப்படாது. நேரங்கள் மாறும்போது பலகையைத் திருத்துவதற்கு ஓர் அலுவலரைப் பொறுப்பாக நியமித்துவிட்டு வைத்தால், அது பழைய தகவலைக் காட்டிக்கொண்டு நிற்காது.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
கிளிநொச்சி.