நைரோபியிலிருந்து அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து ஒன்றரை மாதமாகிறது. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப் போட்டது என் தப்புதான், திட்டிக்கொள். ஆனால் கடைசிப் பக்கத்தில் வள்ளி கோணல் கையெழுத்தில் "மாமா, ஒட்டகச்சிவிங்கி பார்த்தியா இல்லையா?" என்று கேட்டிருந்தாளே, அதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இங்கே இப்போது குளிர். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்றுதானே நினைத்திருந்தோம், ஜூலை மாதம் காலையில் ஸ்வெட்டர் இல்லாமல் வாசல் தாண்ட முடியவில்லை. சாப்பாட்டுக்குக் குறையில்லை. மக்காச்சோள மாவில் கிளறும் உகாலி, தொட்டுக்கொள்ள சுகுமா விக்கி என்று ஒரு கீரை. அந்தப் பேருக்கு 'வாரத்தைத் தள்ளு' என்று அர்த்தமாம். எனக்குப் பிடித்துப்போய் மாதக் கடைசியில் தினமும் அதுதான்.

எங்கள் காம்பவுண்டு வாட்ச்மேன் பெரியவர் பாரிங்கோ ஏரிப் பக்கத்துக்காரர். ஒட்டகச்சிவிங்கி என்று வாயெடுத்தால் போதும், "அது எங்க ஊர்க்காரி" என்று ஆரம்பித்துவிடுவார். அவரையும் கூட்டிக்கொண்டு போன ஞாயிறு லாங்காட்டாவில் இருக்கும் ஒட்டகச்சிவிங்கி மையத்துக்குப் போனேன். அங்கே இருப்பது ரோத்ஸ்சைல்டு வகை, பாரிங்கோ என்றும் சொல்வார்கள், இப்போது நூபியன் வகையோடு சேர்த்துவிட்டார்களாம். வள்ளியிடம் சொல்: முழங்காலுக்குக் கீழே புள்ளியே கிடையாது, ஸ்கூலுக்குப் போகிற பிள்ளை மாதிரி வெள்ளை சாக்ஸ். கையில் தீனி வைத்து நீட்டினால் ஒரு முழ நீளத்துக்குக் கருநீல நாக்கு வந்து சுருட்டிக்கொண்டு போகிறது. அவ்வளவு நீளக் கழுத்துக்குள்ளும் நமக்கு இருக்கிற மாதிரி ஏழு எலும்புதான். வயிற்றில் பதினைந்து மாதம் சுமக்குமாம், நின்றபடியே ஈனுவதால் குட்டி ஆளுயரத்திலிருந்து பொத்தென்று விழும். நீ பத்து மாதத்துக்கே இன்னும் சொல்லிக்காட்டுகிறாய்!

1970களில் கென்யாவிலேயே இந்த வகையில் சுமார் 130தான் மிச்சம். எல்டோரெட் பக்கம் அவை மேய்ந்த பெரிய பண்ணையைக் குடியேறுகிறவர்களுக்குத் துண்டு போட்டுக் கொடுத்தபோது போக்கிடம் இல்லாமல் போயிருக்கிறது. குட்டிகளைக் கொண்டுவந்து வளர்த்து, வேறு காடுகளில் விட்டுத்தான் இனம் தப்பியது. பெரியவர் ஊருக்கு 2011இல் எட்டு திரும்பி வந்தன. அப்புறம் ஏரி ஏறிக்கொண்டே போய் அவை மேய்ந்த நிலம் தீவாகிவிட்டது. 2020 டிசம்பரில் ஆரம்பித்து, காலி டிரம்களின் மேல் இரும்புப் படகு கட்டி, ஒவ்வொன்றாகக் கரை சேர்த்திருக்கிறார்கள். முதலில் வந்தவள் பேர் ஆசிவா. மற்றதெல்லாம் ஒருபக்கம் இருக்க, இவள் மட்டும் தனியாக மாட்டிக்கொண்டாளாம். பெரியவர் இதைச் சொல்லும்போது நான் டீ வாங்கி வருகிறேன் என்று எழுந்து போய்விட்டேன். ஒன்றுமில்லை, அம்மா வைக்கிற வத்தக்குழம்பு ஞாபகம் வந்தது.

சரி, பங்கு விஷயம். சித்தப்பா கிணற்றடி நிலத்தை மூன்றாகப் பிரிக்கலாம் என்கிறார் என்று எழுதியிருந்தாய். பிரிக்கட்டும், ஆனால் கிணற்றுக்கும் வண்டிப்பாதைக்கும் எல்லாருக்கும் பாத்தியதை உண்டு என்று பத்திரத்தில் எழுதாமல் அம்மாவைக் கையெழுத்துப் போட விடாதே. வாய்ப்பேச்சு வேண்டாம்.

மோதிரம் ஏன் விரலில் இல்லை என்று கேட்டாய். வேலையில் கை மாட்டிக்கொள்ளும் என்று கழற்றி வைத்திருக்கிறேன், பத்திரமாக இருக்கிறது. வள்ளி காதுகுத்தை ஆவணியிலேயே வைக்க வேண்டுமா? தையில் வைத்தால் நான் வந்துவிடுவேன். என் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், பெரியப்பா மகன் மடியில் எல்லாம் வேண்டாம். தோடு என் பொறுப்பு. ஆசாரியிடம் இப்போதைக்கு முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதே, நான் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் தம்பி