அந்த மூன்று பேரையும் விட்டுவிட்டீர்களே!

ஆசிரியருக்கு வணக்கம்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் ரகசியச் செய்தி அனுப்பப் பயன்படுத்திய எனிக்மா இயந்திரம் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். அதன் சங்கேதத்தை உடைத்த பிரிட்டன் கணித மேதை ஆலன் டூரிங் பற்றி எழுதியதெல்லாம் சரிதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கதையே பிரிட்டனின் சங்கேத உடைப்பு மையமான பிளெட்ச்லி பார்க்கில் தொடங்கியது போல எழுதியிருப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. போருக்கு ஏழு வருஷம் முன்பே, 1932 டிசம்பரில், இதில் உழைத்த மூன்று போலந்து கணிதவியலாளர்களில் ஒருவரான மரியன் ரெயெவ்ஸ்கி, ஜெர்மன் ராணுவத்தின் இயந்திரம் கையில் இல்லாமலேயே எழுத்துகளை மாற்றிப் போடும் அதன் சக்கரங்களுக்குள் கம்பிகள் எப்படி ஓடுகின்றன என்று கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துவிட்டார். ஒரு ஜெர்மானியரிடமிருந்து பிரெஞ்சு உளவுத்துறை காசு கொடுத்து வாங்கிய காகிதங்கள் அதற்குக் கைகொடுத்தன.

விசைப்பலகையிலிருந்து வரும் 26 கம்பிகள் சக்கரங்களுக்குள் எந்த வரிசையில் நுழைகின்றன என்பது பெரிய முடிச்சு. பிரிட்டனின் சங்கேத நிபுணர் டில்லி நாக்ஸ் அதில்தான் சிக்கிக்கொண்டிருந்தார். 1939 ஜூலையில் வார்சாவுக்கு அருகே பிரி என்ற இடத்தில் போலந்து, பிரான்ஸ், பிரிட்டன் என்று மூன்று நாட்டுக்காரர்களும் கூடியபோது அவர் முதலில் கேட்டதும் அதைத்தான். ஏ, பி, சி என்று நேர் வரிசையிலேயே போகிறது, அவ்வளவுதான்! ரெயெவ்ஸ்கி அதை ஊகித்தே பிடித்திருந்தார்.

அதற்கு முந்தைய டிசம்பரில் ஜெர்மானியர்கள் சக்கரங்களை மூன்றிலிருந்து ஐந்தாக்கி, அதில் மூன்றைத் தேர்ந்து பொருத்தத் தொடங்கியதால் வேலை பத்து மடங்காகிவிட்டது, போலந்திடம் அதற்கான ஆளும் பணமும் இல்லை. அதனால் வைத்திருந்த அத்தனையையும், இயந்திரத்தின் நகல் உட்பட, இரண்டு நாடுகளுக்கும் கொடுத்துவிட்டார்கள். ஊர் திரும்பிய நாக்ஸ், ஒத்துழைப்புக்கும் பொறுமைக்கும் நன்றி என்று போலிஷ் மொழியிலேயே எழுதி அனுப்பினார். ஐந்து வாரத்தில் போர் வந்துவிட்டது.

அப்புறம் நடந்ததுதான் வேதனை. மூவரில் யெஷி ருஷிட்ஸ்கி 1942 ஜனவரியில் மத்தியதரைக் கடலில் கப்பல் மூழ்கி இறந்தார். ரெயெவ்ஸ்கியும் ஹென்ரிக் ஸிகால்ஸ்கியும் எங்கெங்கோ அலைந்து, சிறையிலும் கிடந்து, 1943இல் பிரிட்டன் போய்ச் சேர்ந்தால், பிளெட்ச்லி பார்க்குக்குள் அவர்களைச் சேர்க்கவே இல்லை. வேறோர் இடத்தில் சாதாரண சங்கேதங்களை உடைக்க உட்கார வைத்தார்கள். ரகசியம் கசிந்துவிடும் என்ற பயம் இருந்திருக்கலாம், இருந்தாலும் எனக்கு மனசு ஆறவில்லை. போருக்குப் பின் ரெயெவ்ஸ்கி போலந்து திரும்பி பித்கோஷ்ச் நகரில் கணக்கு எழுதும் வேலை பார்த்தார். அவர் செய்தது என்னவென்று உலகம் அறிய 1970கள் வரை ஆனது.

அடுத்த இதழில் இவர்களுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்குங்கள். மூவரின் படத்தையும் பெயரோடு போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
திருச்சி.