பாடகர் மாறினார், கிட்டார் மாறல

மாப்ள,

நல்லா இருக்கியா. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் இப்போதைக்கு வேணாம்னு டாக்டர் சொன்னது நல்ல சேதி, பிசியோதெரபியை மட்டும் பாதியில விடாம பாத்துக்கோ. இங்க நெதர்லாந்துல, ஐந்தோவன்ல எல்லாரும் சவுக்கியம். பெரியவ ஹைஸ்கூல் சேந்துட்டா, வீட்ல தமிழ் பேசுன்னு நான் கத்திக்கிட்டே இருக்கேன், அவ பாட்டுக்கு டச்சுல பதில் சொல்லிட்டு போறா.

சரி, உன் மெயிலுக்கு வர்றேன், நம்ம இங்கிலாந்து ராக் பேண்ட் மரில்லியனையும் அதோட பழைய பாடகர் ஃபிஷையும் பத்தி எழுதியிருந்தியே, அதுக்கு. "ஃபிஷ் போனதோட மரில்லியன் கதை முடிஞ்சுது, நீ ஏன்டா இன்னும் அவங்க பின்னாடியே சுத்துற"ன்னு கேட்டிருந்த. இதுக்கு ஃபோன்ல ரெண்டு வரி பதில் சொல்ல மனசு வரல, அதான் உக்காந்து எழுதறேன்.

ஃபிஷ் காலத்தை நான் குறைச்சு சொல்லவே மாட்டேன். 1983ல வந்த முதல் ஆல்பம், 1985ல மிஸ்ப்ளேஸ்ட் சைல்ட்ஹுட், 1987ல க்ளட்சிங் அட் ஸ்ட்ராஸ், இந்த மூணையும் நம்ம ஹாஸ்டல் ரூம்ல நாடா தேயற வரைக்கும் போட்டு கேட்டவங்கதானே நாம. பெர்லின்ல ஹான்சா ஸ்டுடியோல ரெக்கார்ட் பண்ண அந்த மிஸ்ப்ளேஸ்ட் சைல்ட்ஹுட் இங்கிலாந்துல நம்பர் 1 ஆச்சு, கெய்லீ பாட்டு நம்பர் 2 வரைக்கும் ஏறுச்சு, அதுக்கப்புறம் அந்த ஊர்ல பொறந்த எத்தனையோ பொண்ணுங்களுக்கு கெய்லீன்னே பேர் வச்சாங்க. ஆறடிக்கு மேல உயரமா, மூஞ்சில பெயின்ட் அடிச்சுக்கிட்டு, வார்த்தையை வாரி இறைச்சு பாடற ஒரு ஸ்காட்லாந்துக்காரர் 1988ல விலகிப்போனா அந்த இடம் காலியா தெரியத்தான் செய்யும். அந்த வருத்தம் எனக்கும் இருந்துச்சு. ஆனா நீ அந்த வருத்தத்தோட கதவை சாத்திட்ட, நான் சாத்தல, அவ்ளோதான் நமக்குள்ள வித்தியாசம்.

ஒண்ணு யோசிச்சு பாரு. கெய்லீல நம்மள கட்டிப்போட்டது எது? ஆரம்பத்துல சுத்தி சுத்தி வர்ற அந்த கிட்டார் வரிதானே. சுகர் மைஸ்ல, வீட்டை விட்டு தூரமா ஒரு ஹோட்டல் ரூம்ல தனியா உக்காந்திருக்கவன் பாட்டுல, நடுவுல சோலோ வரும்போது நீ பேச்சை நிறுத்திட்டு ஜன்னல் பக்கம் திரும்பிப்ப, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஃபிஷ் பாடி முடிச்ச இடத்துல இருந்து அந்த ஆளோட துக்கத்தை மிச்சம் சொன்னது கிட்டார் வாசிக்கற ஸ்டீவ் ராதரி. அந்த ராதரி எங்கேயும் போகல. 1979 ஆகஸ்ட்ல, பத்தொன்பது வயசு பையனா, விட்பின்ற கடலோர ஊர்ல இருந்து கிளம்பி ஐல்ஸ்பரிக்கு ஆடிஷனுக்கு வந்தவர் இன்னிக்கும் அதே பேண்ட்ல இருக்கார். பேண்டை ஆரம்பிச்ச டிரம்மர் 1983லயே போயாச்சு, பாடகர் மாறினார், ரெக்கார்ட் கம்பெனி மாறுச்சு, 1979ல இருந்து இன்னிக்கு வரைக்கும் விடாம இருக்கறது இவர் ஒருத்தர் மட்டும்தான். அப்போ நீ எந்த மரில்லியனை விட்டுட்டு போன, சொல்லு.

1989ல புது பாடகரா ஸ்டீவ் ஹோகார்த் வந்தார். ஒரு பிளாஸ்டிக் பக்கெட்ல தான் எழுதி வச்சிருந்த வரிகளையும் கேசட்டையும் போட்டு தூக்கிட்டு வந்தார்னு ரசிகருங்க எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. அந்த பக்கெட்ல இருந்து வந்ததுதான் ஈஸ்டர். வடக்கு அயர்லாந்துல நடந்த சண்டையை நினைச்சு எழுதின பாட்டு, ஆனா கோஷம் போடாது. அக்கூஸ்டிக் கிட்டார்ல சாதுவா ஆரம்பிக்கும், ஹோகார்த் தாலாட்டு பாடற குரல்ல பாடுவார், அப்புறம் நடுவுல ராதரி வருவார். முதல் ஸ்வரத்தை எடுத்து அப்படியே நிறுத்தி வைப்பார், அது கரையறதுக்குள்ள அடுத்தது வரும், ஒரு ஸ்வரம் கூட கூடுதலா இருக்காது, நீ அதை வாயால பாடிடலாம், நெஜமாவே வார்த்தை இல்லாத ஒரு சரணம் மாதிரி பாடலாம். வேகமா வாசிக்கறவங்க ப்ராக், அதாவது ப்ரோக்ரெசிவ் ராக் உலகத்துல ஏராளம், ஒரு நொடிக்கு எத்தனை ஸ்வரம்னு எண்றவங்களும் ஏராளம். இவர் அந்தப் பக்கமே போகல. ஆண்டி லாட்டிமர், ஸ்டீவ் ஹாக்கெட், டேவிட் கில்மோர்னு இந்த கிட்டார்காரங்க வாசிப்பை கேட்டு வளந்தவர்னு கேட்ட உடனே தெரியும், அதே சமயம் ரெண்டு ஸ்வரத்துல இது ராதரின்னும் தெரிஞ்சிடும்.

உனக்கு நாதஸ்வரம் உசிரு, அதனால உனக்கு ஒண்ணு சொல்றேன். கார்குறிச்சி அருணாசலம் ஒரு ஸ்வரத்துல நின்னு அதை விட்டு நகராம, அதுக்குள்ளயே உயிரை ஊதிக்கிட்டே இருப்பாரே, ராத்திரி கோயில்ல ஸ்பீக்கர்ல அந்த ரெக்கார்ட் போட்டா நீ சோத்தை பாதியில வச்சுட்டு எழுந்து போவியே, ராதரி கிட்ட எனக்கு கிடைக்கறது அதுதான். வால்யூமை சுத்தமா இறக்கி வச்சு தந்தியை தட்டுவார், அப்புறம் மெல்ல ஏத்துவார், அதனால தட்டற சத்தமே காதுல விழாது, ஸ்வரம் காத்துல இருந்து தானா முளைச்சு வரும். மேல எஃபெக்ட்டா கொஞ்சம் டிலே, கொஞ்சம் கோரஸ். இதை பண்ண தெரிஞ்சவங்க நிறைய பேர், எப்போ பண்ணக்கூடாதுன்னு தெரிஞ்சவர் இவர்.

1994ல வந்த ப்ரேவ் ஆல்பம் உனக்கு தெரியாம போச்சேன்னு எனக்கு இன்னிக்கும் ஆதங்கம். இங்கிலாந்துல செவர்ன் பாலத்துல தனியா திரிஞ்ச ஒரு பொண்ணை போலீஸ் கண்டுபிடிச்சாங்க, அவ பேசவே மாட்டேங்கறா, யாருக்காச்சும் அவளை தெரியுமான்னு ரேடியோல கேட்டாங்க. அந்த அறிவிப்பு ஹோகார்த் மனசுல தங்கிடுச்சு, அதுல இருந்து ஒரு முழு ஆல்பம். பிரான்ஸ்ல ஒரு பழைய கோட்டைக்குள்ள போய் தங்கி ரெக்கார்ட் பண்ணாங்க, நாளும் செலவும் இழுத்துக்கிட்டே போச்சு, வந்தப்போ பெருசா விக்கல, அதுக்கு அடுத்த ஆல்பத்தோட 1995ல ரெக்கார்ட் கம்பெனி ஈஎம்ஐ கையை விட்டுடுச்சு. இன்னிக்கு எந்த மரில்லியன் ரசிகர்கிட்ட போய் அஞ்சு ஆல்பம் சொல்லுன்னாலும் அதுல ப்ரேவ் இருக்கும்.

இனிமேல்தான் எனக்கு ரொம்ப புடிச்ச பகுதி. 1997ல அமெரிக்கா டூர் போக பணம் இல்ல, போனா நஷ்டம்தான், வரலன்னு பேண்ட் சொல்லிட்டாங்க. கீபோர்ட் வாசிக்கற மார்க் கெல்லி இதை இன்டர்நெட்ல எழுதப்போக, அமெரிக்க ரசிகருங்க அவங்களாவே ஒரு பேங்க் அக்கவுண்ட் ஆரம்பிச்சு ஆளுக்கு கொஞ்சம் போட்டு கிட்டத்தட்ட 60,000 டாலர் சேத்தாங்க. பேண்ட் கேக்கவே இல்ல மாப்ள. டிக்கெட் தனியா வாங்கணும், இது அவங்க வந்து சேர்றதுக்கான காசு. வந்தாங்க, வாசிச்சாங்க. அதை பாத்த பிறகுதான் பேண்டே துணிஞ்சு மெயில் அனுப்பி, 2001ல வந்த ஆல்பத்தை ரெக்கார்ட் பண்றதுக்கு முன்னாடியே அதுக்கு இப்பவே காசு கொடுப்பீங்களான்னு கேட்டாங்க. 12,000 பேருக்கு மேல கொடுத்தாங்க. கிக்ஸ்டார்ட்டர் வந்தது 2009ல. கிரவுட் ஃபண்டிங்னு இன்னிக்கு ஊரே பேசுதே, அந்த வார்த்தை புழக்கத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே இவங்க இதை பண்ணி முடிச்சாச்சு. 2004ல மார்பிள்ஸ் ஆல்பத்துக்கும் அதே மாதிரி, முன்னாடியே காசு கட்டினவங்க பேரெல்லாம் புக்லெட்ல அச்சடிச்சு வந்துச்சு, அதுல இருந்து ஒரு சிங்கிள் இங்கிலாந்துல நம்பர் 7 போச்சு, ரேடியோ உதவி பெருசா இல்லாமலேயே, ரசிகருங்க வாங்கி வாங்கியே.

2021ல இன்னும் ஒண்ணு நடந்துச்சு. கொரோனா அடங்கியும் அடங்காத நேரம், டூர் பாதியில யாருக்காச்சும் வந்துட்டா செலவு மொத்தமும் பேண்ட் தலையில, எந்த இன்சூரன்சும் அதை எடுத்துக்க தயாரில்ல. அப்போ ரசிகருங்க கிட்ட கேட்டாங்க, சுமார் ஒன்றரை லட்சம் பவுண்ட் ஒரு இடத்துல கட்டி வைங்க, டூர் நல்லபடியா முடிஞ்சா திருப்பி தந்துடறோம்னு. கட்டினாங்க, டூர் முடிஞ்சுது, காசு திரும்ப வந்துச்சு. எனக்கு இதை எழுதும்போதே பெருமையா இருக்கு. எந்த கம்பெனியும் நம்பாத இடத்துல ரசிகன் நம்பினான்.

நான் ஏன் இதையெல்லாம் ராதரி வாசிப்போட சேத்து சொல்றேன்னா, அவசரம் இல்லாத வாசிப்புக்கு அவசரம் இல்லாத ரசிகருங்கதான் வருவாங்கன்னு எனக்கு தோணுது. பதினேழு நிமிஷப் பாட்டை உக்காந்து கேக்கறவன், பன்னெண்டாவது நிமிஷத்துல வரப்போற சோலோவுக்காக வாய மூடிட்டு காத்திருக்கறவன், ஆல்பம் வர ஆறு வருஷம் ஆனாலும் காத்திருப்பான். ஃபியர்ன்ற ஆல்பத்துக்கும் அதுக்கு அடுத்ததுக்கும் நடுவுல ஆறு வருஷம்தான் ஆச்சு, 2016, அப்புறம் 2022. காத்திருந்ததுக்கு பலன் என்ன தெரியுமா, அந்த 2022 ஆல்பம் இங்கிலாந்துல நம்பர் 2. 1987ல க்ளட்சிங் அட் ஸ்ட்ராஸ் நம்பர் 2 ஆனதுக்கு அப்புறம் அவங்க பாக்காத உயரம் அது, அறுபதை தாண்டின ஆளுங்க.

நான் இருக்கற ஊரால எனக்கு ஒரு பெரிய பாக்கியம் கிடைச்சுது, அதை உன்கிட்ட சொல்லியே ஆகணும். இங்கேர்ந்து காரை எடுத்தா கடலோரமா போர்ட் ஸெலாண்டேன்னு ஒரு இடம், குடும்பம் குடும்பமா லீவுக்கு வந்து தங்கற காட்டேஜ்ங்க, ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் வடகடல். 2007ல இருந்து மரில்லியன் வீக்கெண்ட் அங்கதான் நடக்குது, ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, பெரும்பாலும் மார்ச் குளிர்ல, ஆளையே தள்ளற காத்துல. அந்த மொத்த கிராமமும் ரசிகருங்க கையில. காட்டேஜ் வாசல்ல கொடி கட்டியிருப்பாங்க, பிரேசில், போலந்து, இத்தாலி, சிலின்னு, உள்ள யாராச்சும் முட்டை பொரிச்சுக்கிட்டே சீசன்ஸ் எண்ட் போட்டிருப்பாங்க, ஜன்னல் வழியா வந்த வாசனையும் பாட்டும் சேந்து வெளில வரும். மூணு ராத்திரி, மூணும் வேற வேற கச்சேரி, சில வருஷம் ஒரு ஆல்பத்தை முதல்ல இருந்து கடைசி வரைக்கும் வாசிப்பாங்க. நான் மொத தடவை போனப்போ பக்கத்துல நின்ன ஒரு போலந்து அம்மா, கெய்லீ வந்த வருஷம் அவங்க கம்யூனிஸ்ட் ஆட்சிக்குள்ள இருந்தாங்களாம், கேசட் கை மாறி கை மாறி வந்துதாம், அவங்களும் நம்மள மாதிரி காப்பி மேல காப்பி எடுத்து இரைச்சலோட கேட்டவங்கதான். ரெண்டு பேரும் பாஷை தெரியாம பேசிக்கிட்டு இருந்தோம், ஈஸ்டர் ஆரம்பிச்ச உடனே நிறுத்திட்டோம்.

அங்க இன்னொரு வழக்கம் உண்டு. ரசிகருங்கள்ல வாசிக்க தெரிஞ்சவங்களை மேடைக்கு கூப்பிட்டு பேண்ட் ஆளுங்க இடத்துல நிறுத்துவாங்க. டிரம்ஸ்ல ஒருத்தர், பேஸ்ல ஒருத்தர், அப்படியே ராதரி இடத்துலயும் ஒருத்தர். நான் பாத்தப்போ வந்தது கண்ணாடி போட்ட ஒரு நடுவயசு ஆளு, கை நடுங்குச்சு, முதல் ஸ்வரம் கொஞ்சம் சீக்கிரமாவே வந்துடுச்சு. அடுத்த வரியில அவர் கண்ணை மூடிட்டார், அப்புறம் ஒவ்வொண்ணும் அதது இடத்துல வந்து விழுந்துச்சு. கூட்டம் மொத்தமும் அந்த சோலோவை வாயாலயே கூட பாடுச்சு. முப்பது வருஷமா வீட்டு ரூம்ல தனியா வாசிச்சுக்கிட்டு இருந்திருப்பார் அந்த மனுஷன். கிட்டாரை கழட்டி கொடுத்துட்டு இறங்கும்போது படியில தடுமாறினார், முன்னாடி நின்னவங்க கையை நீட்டி புடிச்சாங்க.

வயசாகுதே, இன்னும் எத்தனை வருஷம் பேண்ட் ஓடும்னு எங்க கூட்டத்துல எல்லாரும் மனசுல நினைக்கறதுதான். ஃபிஷும் 2025ல கடைசி டூர்னு சொல்லி விடைபெற்றுட்டார், அவர் கிளம்பின வாரம் உன் ஞாபகம் ரொம்ப வந்துச்சு. ஆனா ராதரி சும்மா இருக்கற ஆளு இல்ல, 2014லயே தனி ஆல்பம் ஒண்ணு போட்டார், செர்னோபில் பக்கத்துல ஆளில்லாம போன பிரிப்யாட் நகரத்து பேர்ல, வார்த்தையே கிடையாது, முழுக்க கிட்டார், அதுல அவர் சின்ன வயசுல கேட்டு வளந்த ஸ்டீவ் ஹாக்கெட்டே வந்து வாசிச்சிருக்கார். அதுக்கும் காசு போட்டது ரசிகருங்கதான்.

உனக்கு ஒரு வரிசை சொல்றேன், தட்டாம கேளு. முதல்ல சுகர் மைஸ், உனக்கு தெரிஞ்சதுல இருந்தே ஆரம்பி. அதே மூச்சுல ஈஸ்டர் போடு, நடுவுல வேற எதையும் கேக்காத. அப்புறம் ப்ரேவ்ல இருந்து தி கிரேட் எஸ்கேப். ராத்திரி எல்லாரும் தூங்கினதும் மார்பிள்ஸ் கடைசிப் பாட்டு நெவர்லேண்ட், பன்னெண்டு நிமிஷம், ஹெட்போன்ல, ஃபோன் ஸ்பீக்கர்ல கேட்டேன்னா நான் ஒத்துக்கவே மாட்டேன். கடைசியா 2022 ஆல்பத்துல கேர்னு ஒரு பாட்டு, ஆஸ்பத்திரில நம்மள பாத்துக்கறவங்களுக்கான பாட்டு, அப்பா ஐசியூல இருந்தப்போ நீ அந்த நர்ஸுங்களை பத்தி எழுதினியே, அதனால இது உனக்குன்னே வச்சிருந்தேன். ஹோகார்த் குரல் உனக்கு ஒத்து வரலன்னா பரவாயில்ல, அதை நான் வற்புறுத்தல, கிட்டாரை மட்டும் புடிச்சுக்கிட்டு கூடவே போ.

கேட்டுட்டு ஃபோன் பண்ணாத, எழுது. நீ எழுதினாதான் நெஜமா என்ன தோணுச்சுன்னு வரும். பாஸ்போர்ட்டை ரினியூ பண்ணி வை, அடுத்த வீக்கெண்ட் தேதி வந்த உடனே காட்டேஜ்ல உனக்கு ஒரு கட்டில் சேத்து புக் பண்றேன், நீ வர்ற செலவை ரெண்டு பேரும் பாதிப்பாதி போட்டுக்கலாம். அம்மாவை கேட்டதா சொல்லு.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்