சிங்கப்பூர் – நியூயார்க்: தூரமும் நேரமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெடுந்தூர விமானச் சேவைகள் பற்றிய செய்திகளில் சிங்கப்பூருக்கும் நியூயார்க்கிற்கும் இடையிலான தூரம் சுமார் 15,300 கிலோமீட்டர் என்றும், பயண நேரம் 18 மணி நேரத்திற்கு மேல் என்றும் ஒரே வரியில் எழுதப்படுவதைப் பார்க்கிறேன். இரண்டு எண்களும் சரிதான். ஆனால் அவை ஒரே பாதைக்கு உரியவை அல்ல என்பதைச் செய்தி சொல்வதில்லை.

நியூயார்க் நமது சிங்கப்பூருக்கு ஏறக்குறைய நேர் எதிர்த் தீர்க்கரேகையில் இருப்பதால், பூகோள உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்தால் அது சீனா, மங்கோலியா, சைபீரியா வழியாக வடதுருவத்தை ஒட்டிச் சென்று கனடா வழியாக நியூயார்க்கிற்கு இறங்கும். அந்த நூலின் நீளம்தான் 15,300 கிலோமீட்டர். விமானமோ பல நாட்களில் ஜப்பான் பக்கமாகப் பசிபிக்கைக் கடக்கிறது. மேற்கிலிருந்து கிழக்கே வீசும் உயர்வானக் காற்று பின்னிருந்து தள்ளுவதால், சுற்றுவழி என்றாலும் அதுவே விரைவான வழியாகிவிடுகிறது. 2018 அக்டோபரில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நியூயார்க்கை ஒட்டிய நியூவர்க் நகருக்கான இடைநில்லாச் சேவையை மீண்டும் தொடங்கியபோது, பயணத் தூரம் ஏறத்தாழ 16,700 கிலோமீட்டர், நேரம் அதிகபட்சம் 18 மணி 45 நிமிடம் என்றே அறிவித்தது. அதற்கென வந்த ஏர்பஸ் ஏ350 விமானம் 1,65,000 லிட்டர் எரிபொருள் ஏற்றக்கூடியது. இருக்கைகள் 161 மட்டுமே. இத்தனை ஏற்பாடும் நூல் அளவை நம்பிச் செய்யப்பட்டதல்ல.

எனக்கு இதைவிடக் கவலை தருவது நேரக் கணக்கு. கோடையில் நியூயார்க் நம்மைவிட 12 மணி நேரமும், குளிர்காலத்தில் 13 மணி நேரமும் பின்தங்கியிருக்கிறது. கோடையில் நள்ளிரவு 12 மணிக்கு இங்கே ஏறி 18 மணி நேரம் பறப்பவர், அதே தேதியில் காலை 6 மணிக்கு அங்கே இறங்குவார். பேத்தியைப் பார்க்கப் புறப்பட்ட என் அம்மா, பயணச்சீட்டில் அந்த இரண்டு நேரங்களையும் பார்த்து, ஆறு மணி நேரம்தானே என்று எண்ணி, இரத்த அழுத்த மாத்திரைகளைப் பெட்டிக்குள் வைத்து அனுப்பிவிட்டார். காலை மாத்திரையை எடுக்கக் கைப்பையைத் துழாவியபோதுதான் அவருக்கு விளங்கியது. திரும்பி வரும்போது கணக்கு தலைகீழாகிறது: திங்கள் இரவு 10 மணிக்கு அங்கே ஏறுபவர் புதன் அதிகாலையில்தான் சாங்கி விமான நிலையத்தில் இறங்குகிறார், அழைத்துவரச் செல்லும் பிள்ளைகள் செவ்வாயன்றே போய்க் காத்திருக்கக்கூடும்.

ஆகவே இத்தகைய செய்திகளை வெளியிடும்போது, தூரம் உருண்டையில் அளந்ததா விமானம் பறக்கும் வழியா என்பதையும், போகவும் வரவும் ஆகும் நேரங்களைத் தனித்தனியாகவும், இறங்கும் கிழமையையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். முதியவர்கள் பலர் இந்த வழியில் தனியாகவே செல்கிறார்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
சிங்கப்பூர்