அழைப்பிதழில் நீ அடித்த வரி

அன்புள்ள பாப்பா,

ஒரு வரியைப் பென்சிலால் அடித்து நீ அனுப்பிய உன் மிருதங்கக் கச்சேரி அழைப்பிதழ் மூன்று நாளாக என் மேசையில் கிடந்தது. 'செவித்திறன் இழந்தும் விடாமுயற்சியால் சாதித்த' என்ற அந்த வரி நான் எழுதியது. இன்று காலை அச்சகத்துக்குப் போய் அதை எடுக்கச் சொல்லிவிட்டேன்.

அதற்கு ஏன் மூன்று நாள்? கோபம்தான். அந்த வரியைப் பார்த்துத்தான் பாதிப் பேர் நன்கொடை கொடுத்தார்கள். மேடைக்கும் மைக்குக்கும் பணம் எங்கிருந்து வந்தது என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை.

நீ எப்போதோ அனுப்பி, நான் திறக்காமலே வைத்திருந்த, தாள வாத்தியக் கலைஞர் எவெலின் கிளென்னி பற்றிய கட்டுரையை நேற்று இரவு படித்தேன். 2012 லண்டன் ஒலிம்பிக்ஸ் தொடக்க விழாவில் ஆயிரம் முரசுக் கலைஞர்களோடு வாசித்தவர் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்திருந்தது. ஸ்காட்லாந்தில் விவசாயக் குடும்பத்துப் பெண். 8 வயதில் காது மந்தமாகத் தொடங்கி, 12 வயதுக்குள் ஏறக்குறைய முழுதாகவே போய்விட்டது. பள்ளிக்கூட வாத்தியார் ரான் ஃபோர்ப்ஸ், டிம்பனி என்ற பெரிய முரசை வாசிக்க, இவர் வகுப்பறைச் சுவரில் இரண்டு கையையும் வைத்தபடி நிற்பாராம். கீழ் ஸ்தாயி காலிலும் பாதத்திலும், மேல் ஸ்தாயி முகத்திலும் கழுத்திலும் மார்பிலும் வந்து படுவதைப் பழகிப் பழகி, உடம்பாலேயே சுருதியைப் பிரிக்கக் கற்றுக்கொண்டார். இன்றும் பெரும்பாலும் வெறுங்காலோடுதான் வாசிக்கிறார்.

அந்தச் சுவரைப் பற்றிப் படித்ததும் நம் திண்ணை ஞாபகம் வந்துவிட்டது.

நீ ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நாலைந்து மாதம் இருக்கும். நான் ஆதி தாளப் பாடம் வாசித்துக்கொண்டிருந்தேன். நீ பக்கத்தில் வந்து மிருதங்கக் கட்டையின் மேல் உள்ளங்கையை வைத்தாய். தள்ளிவிடப் போனேன். கண்ணை மூடியிருந்தாய், விட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "அண்ணா, தொப்பியில ரவை காஞ்சிடுச்சு. தொம் வரலை" என்றாய். உன் குரல் உனக்கே தெரியாமல் கத்தித்தான் சொன்னாய். எனக்கு ஒரு வித்தியாசமும் கேட்கவில்லை. மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பியைத் தொட்டுப் பார்த்தால், தொம் என்ற கனத்த ஒலிக்காக அதில் அப்பிய ரவைப் பசை ஓரமெல்லாம் வெடித்துப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. தண்ணீர் தொட்டுத் தடவி வாசித்தேன். மறுபடி கையை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாய்.

அடுத்த வாரம் நம் வாத்தியார் அப்பாவிடம் சொன்னதை இங்கே எழுதவில்லை. அவர் இப்போது இல்லை, அவர் வீட்டார் இதைப் படிப்பார்கள். அப்பா என்னைப் பார்த்து, "நீ கூடவே இருக்கியே, அவளுக்கு ஏதாவது தெரியுதாடா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன்.

எனக்கு 14 வயது, பாப்பா. ஒருவருக்குச் சம்பளம் கட்டவே அப்பா திணறினார். வாத்தியார் முன்னால் மறுத்துப் பேச நம் வீட்டில் யாருக்கு வாய் வந்தது? இதெல்லாம் உண்மைதான். காது நன்றாக இருந்த எனக்குத் தெரியாதது உன் உள்ளங்கைக்குத் தெரிந்தது எனக்குப் பொறுக்கவில்லை என்பதும் உண்மை. இரண்டே வருடத்தில் நான் வாசிப்பதை விட்டேன். நீ 9 வருடம் கழித்து முதல் சம்பளத்தில் மிருதங்கம் வாங்கினாய்.

ஆனால் நீயும் கேட்டிருக்கலாம். "ஏன் சொல்லலை" என்று ஒரே ஒரு தடவை. அதை மனதில் வைத்துக்கொண்டே வருடா வருடம் தீபாவளிக்கு வந்து சிரித்துவிட்டுப் போனாயே. அம்மா படுத்திருந்தபோதுகூட, கச்சேரி என்று ஒருநாள் தள்ளித்தான் வந்தாய். சரி, அது இங்கே வேண்டாம்.

காது கேளாதவர் எப்படித்தான் வாசிக்கிறாரோ என்ற யோசனை மட்டுமே கேட்பவர்களுக்கு ஓடினால், இசைக்கலைஞராகத் தான் தோற்றதாக அர்த்தம் என்கிறார் கிளென்னி. நான் அச்சடித்த வரி அந்த யோசனையைக் கிளப்பத்தான். அன்று உன் காதைச் சொல்லி உன்னை மிருதங்கத்திலிருந்து தள்ளி வைத்தார்கள், நான் பேசாமல் இருந்தேன். இன்று அதே காதைச் சொல்லி நானே கூட்டம் சேர்க்கப் பார்த்திருக்கிறேன். மன்னித்துக்கொள்.

புது அழைப்பிதழில் உன் பெயர், கீழே 'மிருதங்கம்'. அவ்வளவுதான். மேடையில் ஜமக்காளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீ கேட்ட மாதிரி வெறும் பலகை. இன்று மாலை கடம் வாசிக்கிறவரை ஒரு முனையில் உட்கார வைத்து, மறுமுனையில் நான் குனிந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். வருகிறது.

உன் அண்ணன்